நம்பர் போட்ட இலைகள்

எங்கள் ஊரில் ஒரு பொருளின் மேல் யாராவது பெயின்டால் நம்பர் எழுதினால், அந்தப் பொருள் இனி நம்முடையது இல்லை என்று அர்த்தம். புளியமரத்தில் எழுதினார்கள், மரம் போனது. கிணற்றுச் சுவரில் எழுதினார்கள், கிணறு போனது. பக்கத்து ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகைக் கதவில் எழுதினார்கள், கொட்டகையோடு தெருவே போனது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் பிறந்து, இன்று நாற்பதைத் தாண்டி, கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு போகும் என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இளசுகள் படித்தால், "நம்பருக்கெல்லாமா ஆன்ட்டி பயந்தீங்க?" என்று சிரிக்கும்.

நான் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். லைனில் வருகிற பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கேயோ ஒரு கீறல் இருக்கிறது என்று நினைப்பதுதான் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் என்றால் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டாள். காய்கறிக்காரர் இரண்டு தக்காளி கூடப் போட்டால், வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டி மீதியில் எது அழுகல் என்று தேடுவேன். இந்தப் புத்தி எனக்கு எந்தக் கோடையில் முற்றியது என்று நன்றாகத் தெரியும்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஊருக்கு மேற்கே இருந்த ஒரு மேட்டை வெட்டி, கம்பெனி கட்டப்போகும் இடங்களை நிரப்ப லாரி லாரியாக மண் எடுத்துப் போனார்கள். மேடு பள்ளமானது. பள்ளத்தின் ஒரு பக்கம் மட்டும் மூன்று ஆள் உயரத்துக்குச் செங்குத்தான சுவராக நின்றது. மேலே சிவப்புச் சரளை, அதன் கீழே மஞ்சள் மண், அடியில் வெளுத்துப்போன ஒரு கல். அந்தக் கல் கையில் எடுத்தால் கனக்காது. அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஓரத்தில் கத்தியை விட்டு நெம்பினால் தாள் தாளாகப் பிரியும். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். எனக்கு எதையும் வாயில் வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

பிரித்த கல்லுக்குள் இலை இருந்தது. எல்லாக் கல்லிலும் இல்லை, பத்தில் ஒன்றில். நடுவில் ஒரு நரம்பு, அதன் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நெருக்கமான கீற்றுகள், துரு நிறத்தில். அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "கல்லு மேல எல வுழுந்து கறை புடிச்சிக்கீது. கழுவுனா போயிடும்" என்றார். கழுவினோம், போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தோம், இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அப்பா அதற்குப் பிறகு அந்தக் கல்லைக் கையில் தொடவில்லை.

அக்காவுக்கு அந்த இலைகளின் மேல் ஒரு பைத்தியம். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பள்ளத்துக்குப் போய்விடுவாள். உச்சி வெயிலில் கல் வெறும் கல்லாகத்தான் தெரியும், சாய்ந்த வெயிலில்தான் கீற்றின் மேடுபள்ளம் தெரியும் என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். கல்லின் ஓரத்தை மட்டும் பார்த்து, இதில் இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்லுவாள். நான் நம்பாமல், அவள் இல்லை என்ற கல்லையெல்லாம் தனியாக உடைத்துப் பார்த்தேன். இல்லைதான்.

அந்தக் கோடையில்தான் பத்து மணி பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். கைத்தறிப் புடவை, அதற்குக் கீழே கேன்வாஸ் ஷூ. தோளில் ஒரு பை, பைக்குள் சுத்தியல். புடவைக்கு ஷூ போட்ட பெண்ணை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. யாரிடமும் வழி கேட்காமல் நேராகப் பள்ளத்துக்குப் போனாள். அன்று மதியத்துக்குள் ஊரே அவளுக்குச் சுத்தியல்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டது.

டீக்கடைக்காரர் அவள் புதையல் தேடுகிறாள் என்றார். அடுத்த நாள் கம்பெனிக்கு ஆள் பார்க்கும் புரோக்கர் என்றார். மூன்றாவது நாள் அவள் டேப் பிடித்துச் சுவரை அளந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். அளக்கிறவர்கள் எதற்காக வருவார்கள் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்போது எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, நிலத்தை எடுக்கப் போகிறார்களாம் என்பதுதான். எந்தப் பக்கம், யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் வருகிற போகிற எல்லார் மேலும் சந்தேகம்.

அப்பா எங்கள் ஊரிலேயே பெரிய சந்தேகக்காரர். படிக்கத் தெரியாது. ஒரு காகிதம் வந்தால் மூன்று பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்புவார். ஒத்துப்போனால்கூட, மூன்று பேரும் முன்னாலேயே பேசிவைத்திருப்பார்களோ என்று இரண்டு நாள் யோசிப்பார். அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்கக்கா எப்படியும் அந்தப் பள்ளத்துக்குத்தான் போவா. நீயும் கூடவே போ. அந்தம்மா இன்னா பண்றா, இன்னா பேசறா, எல்லாத்தையும் பாத்துகினு வந்து என்கிட்ட சொல்லு. அக்காக்குத் தெரிய வாணாம்" என்றார். எனக்கு அப்படி ஒரு பெருமை. வீட்டில் நானும் ஒரு ஆள் என்று அன்றுதான் தோன்றியது.

சுத்தியல்காரம்மா இனிமையாகப் பேசுகிறவள் இல்லை. நான் கூடப் போன முதல் நாள் எங்களைப் பார்த்ததும், "வெயில மறைக்காதீங்க" என்றுதான் சொன்னாள். அக்கா தள்ளி உட்கார்ந்து, ஒரு கல்லை எடுத்து ஓரத்தைப் பார்த்து, கத்தியை விட்டு நெம்பினாள். ஒரு கை நீளத்துக்கு முழு இலை. சுத்தியல்காரம்மா எழுந்து வந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "இதுல இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். "ஓரத்துல கோடு மாதிரி கீதே, தெர்லயா உங்களுக்கு?" என்று அக்கா கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. அதை மறைக்காமல் தெரியவில்லை என்றே சொன்னாள்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துதான் உடைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். கல் பிரியும்போது ஒரு பாதியில் இலை மேடாக இருக்கும், மறு பாதியில் அதே இலை குழியாக இருக்கும். அவள் இரண்டையும் விடமாட்டாள். முகத்தோடு முகம் வைத்து நூலால் கட்டி, செய்தித்தாளில் சுற்றிச் சாக்குப்பையில் போடுவாள். ஒரே இலைக்கு இரண்டு எதற்கு என்று எனக்கு உறுத்தியது. ஒன்று காட்டுவதற்கு, இன்னொன்று மறைப்பதற்கு என்று முடிவு செய்துகொண்டேன். கட்டுவதற்கு முன்னால் தோள்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். கல்லின் மூலையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தாள். அது காய்ந்ததும் அதன் மேல் கறுப்பு மையால் நம்பர் எழுதினாள்.

அப்பாவிடம் சொல்ல அந்த நம்பரை மனப்பாடம் செய்துகொண்டேன். அவள் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சீட்டு எழுதி, அதில் அக்காவின் பெயரைப் போட்டு, "நீ கண்டெடுத்தது. நீதான் கையெழுத்துப் போடணும்" என்று பேனாவைக் கொடுத்தாள். அக்கா அழகாக, சாய்த்து, கையெழுத்துப் போட்டாள். ஒன்றல்ல, ஒரு கட்டுச் சீட்டில்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அக்கா ஒரு கல்லைப் பிரித்தபோது இலைக்குப் பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு சிப்பியின் அச்சு இருந்தது. சுத்தியல்காரம்மா தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இங்க கடல் இருந்திருக்கு" என்றாள். "கரையோரத்துல காடு. அந்தக் காட்டு இலைங்கதான் இதெல்லாம். விழுந்து, சேத்துல அமுங்கி, கல்லாயிடுச்சு. நாம உக்காந்திருக்கிறது பீச்சு."

"எப்ப?" என்றேன்.

"மனுஷனே இல்லாதப்போ."

மனுஷனே இல்லாதபோது நடந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே டீக்கடையில் போய்ச் சொன்னேன். கடையே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளத்துக்குப் பெயர் பீச்சு. "இன்னா, பீச்சுக்கா? வர்றப்ப சுண்டல் வாங்கினு வா" என்று அக்காவைத் தெருவில் எல்லாரும் கிண்டல் செய்தார்கள்.

ஆனால் அப்பா சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே கடையில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கடலோரம் யாரு நெலம்?" என்று கேட்டார். டீக்கடைக்காரர், "கவர்மென்ட்டுது. பொறம்போக்கு. அங்க எவனுக்குப் பட்டா குடுப்பான்?" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகமும் மாறியது. "அடப் பாவி! இங்க கடல் இருந்துச்சின்னு எழுதிக் குடுத்துட்டான்னா, நம்ம பட்டால்லாம் செல்லாதுன்னு ஆக்கிடுவானுங்களே!" என்றார். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அங்கே இருந்த ஒருவருக்கும் அது சிரிப்பாக இல்லை. எனக்கும்தான். அந்த நேரம் பார்த்து நான் என் மிச்ச வேவையும் கொட்டினேன். "கல்லுல நம்பர் போடறாங்கப்பா. அக்கா கையெழுத்துப் போட்டா. நெறய போட்டா."

மறுநாள் பதினோரு மணிக்கு அப்பாவும் டீக்கடைக்காரரும் இன்னும் நான்கைந்து பேரும் பள்ளத்துக்கு வந்தார்கள். சுத்தியல்காரம்மா முட்டி போட்டு ஒரு கல்லில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா எழுதிகினு கீற?" என்றார் அப்பா.

"கல்லுக்கு நம்பர்."

"கல்லுக்கு எதுக்கு நம்பரு? யாரு அனுப்புனாங்க உன்ன?"

"யாரும் அனுப்பல. நான் மெட்ராஸ்ல காலேஜ் டீச்சர். இது என் வேலை."

"லெட்டர் கீதா?"

இருந்தது. ஆங்கிலத்தில். டீக்கடைக்காரர் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். அக்கா கையை நீட்டி, "குடுங்க, நான் படிக்கறேன்" என்றாள். அப்பா விடவில்லை. "நீ அவுங்க பக்கம். நீ படிக்காத" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். ஒரு வரிகூடப் புரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனசில்லை. தாளின் அடியில் வட்டமாக ஊதா மை தெரிந்தது. "சீல் கீதுப்பா" என்றேன்.

அது போதுமாக இருந்தது. சீல் என்றால் கவர்மென்ட். அப்பா அவளுடைய சாக்குப்பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினார். செய்தித்தாள் பொட்டலங்கள் கல்லின் மேல் விழுந்து பிளந்தன. ஒன்றின் மேல் செருப்புக் காலை வைத்து மிதித்தார். முறுக்கு நொறுங்குகிற சத்தம் கேட்டது. சுத்தியல்காரம்மா கத்தவில்லை, சாபம் விடவில்லை. குனிந்து, நம்பர் தெரிகிற துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். அக்கா அழுதுகொண்டே கூடப் பொறுக்கினாள். அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். போகும்போது சுத்தியல்காரம்மா அக்காவிடம் மட்டும், "குடுத்த அப்ளிகேஷன நேர்ல கொண்டு வா. மார்க் ஷீட்டையும் எடுத்துட்டு வா. நான் அங்கதான் இருப்பேன்" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா இந்தக் கல்லைப் பற்றியே படிக்கிற படிப்புக்கு அவளுடைய கல்லூரியில் சேர ஒரு படிவம் வாங்கி வைத்திருந்தாள். நான் ஒரு நாள் பிஸ்கட் வாங்கப் போயிருந்த நேரத்தில் அது நடந்திருக்கிறது. "நான் தமிழ் மீடியம், எனக்கு வருமான்னு கேட்டேன். உன் கண்ணுக்கு மீடியம் கெடையாதுன்னு சொன்னாங்க" என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

இரண்டு நாள் அக்கா படிவத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் அப்பா எதிரில் வந்து நின்றாள். "அவுங்க ஏமாத்துக்காரின்னுதான சொல்ற? நீயே போயி பாரு. அந்தக் காலேஜ்ல அவுங்க இல்லன்னா நான் இனிமே படிக்கறேன்னு வாயத் தொறக்க மாட்டேன். இருந்தாங்கன்னா என்ன சேத்து வுடணும்" என்றாள். அப்பா, அம்மாவின் தலையில் கை வைத்து, சரி என்று சத்தியம் செய்தார். அவள் இருக்க மாட்டாள் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். படிவம் கொடுக்கக் கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். போர்டு படிக்க ஆள் வேண்டுமே. அக்காவைக் கூட்டிப்போக அவருக்குப் பயம், அவளை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று.

கல்லூரி பழைய கட்டடம். நான் ஒவ்வொரு போர்டாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடைசியில் ஒரு நீள அறை. கண்ணாடி அலமாரிகளில் வரிசையாகக் கற்கள், எல்லாவற்றிலும் வெள்ளைப் பொட்டு, பொட்டின் மேல் நம்பர். அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே மேஜைக்குப் பின்னால் சுத்தியல்காரம்மா உட்கார்ந்து, சின்ன பிரஷ்ஷால் பசை தடவிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்தவை எங்கள் பள்ளத்துக் கற்கள். அப்பா மிதித்த கல்லைத் துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் சீட்டு, சீட்டில் அக்காவின் சாய்ந்த கையெழுத்து.

எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். அப்பா உட்காரவில்லை. அவளே தண்ணீர் மோந்து கொடுத்தாள். "பொண்ணு எங்க?" என்று எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்பா ஏதோ முனகினார். அவள் ஒட்டிய கல்லைக் காட்டி, "இத பாருங்க, உங்க பொண்ணு கண்டுபிடிச்சது. இவ்வளவு முழுசா எனக்கு இதுவரைக்கும் ஒண்ணு கிடைச்சதில்ல" என்றாள். மிதித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. ஹாஸ்டலுக்கு நான் சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு மணிக்கு மேல என் கையில எதுவும் இல்ல."

"சரிங்கம்மா" என்றார் அப்பா. அவர் யாரையும் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பூந்தமல்லியில் பஸ் மாறும்போது எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். தனக்கு ஒன்றும் வாங்கவில்லை. பஸ் செம்பரம்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். அப்புறம், "அந்தம்மா அங்க இல்லன்னு சொல்லிடலாம்" என்றார்.

"ஏன்ப்பா?"

"நான் மிதிச்சத ஒட்ட வெச்சிகினு ஒக்காந்துகீதுடா அந்தம்மா. நாளைக்கு மறுபடியும் அது மூஞ்சில எப்டி முழிப்பேன்? ஊர்ல கேட்டா இன்னான்னு சொல்லுவேன்?"

அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. அவர் வாழ்க்கையில் சந்தேகப்பட்டது ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு தடவைதான் தப்பானது. தப்பானால் என்ன செய்வது என்று அவருக்குப் பழக்கம் இல்லை.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். தாவணி இஸ்திரி போட்டிருந்தது. கையில் பிளாஸ்டிக் கவரில் மார்க் ஷீட். அப்பா செருப்பைக் கழற்றியபடியே, "அப்டி ஒருத்தியே அங்க இல்ல. டபாய்ச்சிட்டா" என்றார். அக்கா அவரை நம்பவில்லை. நேராக என்னிடம் வந்து என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நீ சொல்லு. போர்டு படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லா ரூமும் பாத்தீங்களா?"

"பாத்தோம்க்கா. அவுங்க இல்ல."

அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நொடி பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அதற்குள் நான் சொன்னேன்: "வாட்ச்மேன் கிட்டயும் கேட்டோம். அந்த மாதிரி ஒரு அம்மா இங்க எப்பவுமே இருந்ததில்லன்னு சொன்னாரு."

அந்த வாட்ச்மேன் அப்பா சொல்லிக் கொடுத்தது இல்லை. அப்பாவே திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வாட்ச்மேனை நான்தான் உண்டாக்கினேன். ஏன் என்று இத்தனை வருஷமாக என்னையே குறுக்கு விசாரணை செய்து பார்த்துவிட்டேன். அப்பாவுக்குப் பயந்து என்று சொல்லிக்கொண்டேன், ரோஸ் மில்க்குக்காக என்று சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய். அக்கா ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் நான் தனியாக இருக்க வேண்டும். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அக்கா மார்க் ஷீட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். சொன்ன சொல் தவறாமல் படிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த வருஷம் நிஜமாகவே நம்பர் போடுகிறவர்கள் வந்தார்கள். ஜீப்பில் வந்தார்கள், எல்லாரையும் சார் என்று கூப்பிட்டார்கள். அவர்களிடம் யாரும் லெட்டர் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் டீ போட்டுக் கொடுத்தார். எங்கள் நிலம் போனது, பள்ளம் போனது. இப்போது அங்கே ஒரு கம்பெனியின் வண்டிகள் நிற்கின்றன. அப்பா இறந்து பல வருஷமாகிறது. பஸ்ஸில் பேசியதை அவரும் நானும் மறுபடி எடுக்கவே இல்லை.

அக்கா முதலில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தாள். கல்யாணம் ஆகி ஒரு பெண் பிறந்தாள். கால் வீங்கி வேலையை விட்டபிறகு, சேரப்பணஞ்சேரிப் பக்கம் வீட்டு மாடியில் அறைகள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வரும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் அந்தப் படியில் ஈ ஏற முடியாது. "எக்கா, அது எங்க சொந்த அண்ணன்தான்க்கா" என்று ஒரு திருநெல்வேலிப் பெண் கெஞ்சுவாள். "அண்ணன்னா ஆதார் கார்ட காட்டச் சொல்லு" என்பாள் அக்கா. புதிதாக ஒரு பெண் வந்தால் முதல் நாளே உட்கார வைத்துச் சுத்தியல்காரம்மா கதையைச் சொல்லிவிடுவாள். படிக்க வைக்கிறேன் என்று ஆசை காட்டியவள், கையெழுத்து வாங்கியவள், போய்ப் பார்த்தால் அப்படி ஒருத்தியே இல்லாதவள். "என்ன இட்டுகினு போயி எங்க தள்ளிருப்பாளோ" என்று முடிப்பாள். நான் பக்கத்தில் இருந்தால் என் தோளில் தட்டி, "இதோ இவதான். பதினோரு வயசுல போர்டு படிச்சி என்னக் காப்பாத்துனவ" என்பாள். அந்தப் பெண்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். எத்தனை தடவை அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

இந்த வருஷம் அக்கா மகள் பிளஸ் டூ முடித்தாள். தூத்துக்குடிப் பக்கம் மீன்வளப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து ஒரு மேடம் போன் செய்து, ஹாஸ்டல் இருக்கிறது, இந்த வாரம் வந்து சேர்ந்துவிடு என்று சொல்லியிருக்கிறாள். அக்கா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "போன்ல இனிக்க இனிக்கப் பேசறா. இந்த மாதிரி ஆளுங்கள நான் பாத்துருக்கேன்" என்றாளாம். பெண் என் வீட்டுக்கு ஓடிவந்து, "சித்தி, நீ சொன்னா அம்மா கேக்கும். வாரம் முடிஞ்சா சீட்டு போயிடும்" என்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவுங்க இருந்தாங்கக்கா, நான் பாத்தேன் என்றேன்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. "இவ சொல்லச் சொன்னாளா?"

"இல்லக்கா. நெசமாத்தான்."

"அப்பா அந்த மாதிரி செய்ற ஆளு இல்ல."

"செஞ்சாரு. மிதிச்ச கல்ல ஒட்ட வெச்சிகினு இருந்தாங்க. உன் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்துச்சி. உனக்கு ஹாஸ்டல் கூடச் சொல்லி வெச்சிருந்தாங்க."

"நல்லா கத கட்டற" என்றாள். கீரையை உருவுவது நிற்கவில்லை. முப்பது வருஷமாக நம்பிய ஒன்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பொய் என்றால் யார்தான் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்ப மாட்டேன். இன்னொரு கொத்தை எடுத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போல, "அப்போ அந்த வாட்ச்மேனு?" என்றாள்.

"வாட்ச்மேனே கெடையாதுக்கா. அது நானா சொன்னது."

அவள் கை நின்றது. அந்த வாட்ச்மேனை வைத்துத்தான் அவள் அன்றைக்கு நம்பியிருக்கிறாள். அப்பாவை நம்பவில்லை, என்னைக்கூட முழுசாக நம்பவில்லை. முகம் தெரியாத அந்த ஆளை நம்பி இருந்துவிட்டாள். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் மடியில் இருந்த காம்புகளை மெதுவாகத் தட்டிவிட்டு எழுந்து, படியடியில் நின்று மாடியைப் பார்த்து அந்தத் திருநெல்வேலிப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, தூத்துக்குடிக்கு எந்த ரயில்ல போவணும்? நாளைக்கு லீவு போட்டுட்டு எங்க கூட வர்றியா? பொண்ணுக்குக் காலேஜ் பாக்கணும்."

"வாரேன்க்கா" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"நானும் வரேன்க்கா" என்றேன். "போர்டு, ஆபீஸ் எல்லாம் நான் பாத்து..."

அக்கா திரும்பினாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"நீ வாணாம்" என்றாள். "பாத்தா பாத்தேன்னு சொல்ற ஆளு எனக்கு வோணும்."